அக்கா கொண்டுவந்த தோசைக்கல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதை இருக்காது. அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வரட்டுமா என்று அத்தான் போனில் கேட்டார். பழக்க தோஷத்தில், "வாங்க அத்தான், உங்க வீடுதானே" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இது அவர் வீடல்ல. அவரை விட்டு அக்கா வந்து சேர்ந்த வீடு. அக்காவின் மகள் சுபாவிடம் இதைச் சொல்லத் துணிவில்லாமல்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அப்பாவின் மாவு மொத்தக் கடைக்குப் பின்னாலிருந்த இதே வீட்டில்தான் அக்கா பிறந்தார். பள்ளிக்கூடத்தில் என்னை அடித்தவர்களைத் தேடிப் போய் அடித்தார். அடி வாங்கி வந்ததற்காக என்னையும் அடித்தார். நியாயமான மனுஷி.

பொன்முடி மலைக்குப் போகும் வழியில், விதுராவில் பலசரக்குக் கடை வைத்திருந்த அத்தானுக்கு அவரைக் கட்டிக் கொடுத்தோம். அத்தான் கை நீட்டுவார். பெல்ட், குடைக்கம்பு, எது கையில் கிடைக்கிறதோ அது. வழுக்கி விழுந்ததாக அக்கா சொல்வார். நாங்களும் நம்பியதுபோல் இருந்தோம்.

சுபா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, மலைக்குப் போகிறவர்கள் வாங்கும் பான்கேக் மாவு பாக்கெட் ஒன்றைக் கேட்டாள்.

"விக்கிற சாமான வீட்டாளு தின்னா கடை வெளங்குமா?" என்றார் அத்தான்.

"பாக்கெட்டு எதுக்கு மக்களே? மைதாவும் முட்டையும் இருக்கே" என்றார் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பொன்முடி பார்க்கும் சாக்கில் நானும் அங்கே இருந்தேன். முட்டையும் சர்க்கரையும் அடித்து, பாலை ஊற்றி, ஆப்ப சோடா சேர்த்துச் சலித்த மைதாவைப் போட்டார் அக்கா. நான் கரண்டியை வாங்கி வீரமாகக் கலக்கினேன்.

"ஏலே, ரொம்ப அடிக்காத. ரப்பராயிரும், கேட்டியா" என்று பிடுங்கிக்கொண்டார்.

முதலில் ஊற்றியது கல்லில் ஒட்டிப் பிய்ந்தது. "இது தம்பிக்கு" என்று என் தட்டில் போட்டார்.

அப்போது அத்தான் உள்ளே வந்தார். "மைதா யாருட்ட கேட்டு எடுத்த?" பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மாவுப் பாத்திரத்தை எட்டி உதைத்தார். அக்காவின் தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். உதடு கிழிந்தது. காலைக் கட்டிக்கொண்ட சுபாவை ஓங்கி அறைந்தார். பிள்ளை வாசற்படியில் போய் விழுந்தது.

அதுவரை திருப்பிக் கை ஓங்காத அக்கா, கரித்துணியால் தோசைக்கல்லைத் தூக்கி அத்தானின் முழங்கையில் வைத்து அழுத்தினார். தோல் கருகிய நாற்றம் அடித்தது.

நான் சும்மா இருப்பேனா? "அத்தான், விடும்!" என்று பாய்ந்தேன். கொட்டிய மாவில் கால் வழுக்கி, அம்மிக்கல்லில் வாய் மோதி, முன்பல்லை இழந்தேன். விட வேண்டியவர் எப்போதோ விட்டிருந்தார். அன்று அதிகம் அலறியது அத்தானா நானா என்பது இன்றும் தீராத வழக்கு.

அத்தான் கிணற்றடிக்கு ஓடினார். அக்கா கல்லைக் கழுவி அடுப்பில் வைத்து, பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய மாவை ஊற்றினார். உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி, மேலே குமிழிகள் வெடிக்கும்வரை பொறுத்துத் திருப்பிப் போட்டார். சுபா அழுதுகொண்டே தின்று முடித்தாள். பிறகு கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பிள்ளையோடும் வாய் வீங்கிய தம்பியோடும் பஸ் ஏறினார். வேறெதுவும் எடுக்கவில்லை.

அப்புறம் அப்பாவின் கடையில் உட்கார்ந்து, சுபாவை நர்ஸாக்கினார். ஞாயிறுதோறும் அதே கல்லில் பான்கேக்; பிய்ந்தது எனக்கு. கடைசி நாட்களில் எழ முடியாதபோது சுபா சுட்டாள். "குமிழி வெடிச்சதா?" என்று கட்டிலிலிருந்தே கேட்பார். அதைக் கேட்டபடியேதான் ஓய்ந்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும், தோள் கொடுத்த ஆரியசாலைக் கடைக்காரர்களுக்கும், அன்று ரத்தம் வழிந்த எங்களை ஒன்றும் கேட்காமல் முன்சீட்டில் உட்காரவைத்த கண்டக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படையலில் பான்கேக் இருக்கும். உறவினர்கள் சிரிக்க வேண்டாம்.

இவ்வளவும் எழுதிய தைரியத்தில் நேற்று அடுக்களைக்குப் போனேன். சுபா முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். "மக்களே, உங்கப்பா வரேங்கிறாரு. நான் வாங்கன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"வரட்டும் மாமா, கல்லு அடுப்புலதான் இருக்கும்."