அடுத்த நிரையில் பாண்டியம்மா

வழிகாட்டி வேலை வேறொன்றுமில்லை, நமக்குச் சலித்துப்போன மலையை முதல்முறை பார்க்கிற மாதிரி தினமும் பார்த்து 'ஆகா' சொல்கிற வேலைதான். இதே தொழிலில் இருந்துகொண்டு, "அந்தப் பறவை பேர் என்ன?" என்ற கேள்விக்கு "அது ஒரு வகைக் குருவி சார்" என்று சொல்லித் தப்பித்த சகோதர சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள்.

நான் போடிக்காரி, பெயர் ஈஸ்வரி. பதினாறு வருஷம் விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டில் காய் எடுத்தவள். இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்போது போடிமெட்டுக்கு அப்பால் விருந்தாளிகள் தங்கும் வீடு ஒன்றை நடத்தும் முதலாளி, "நிமிந்து நடக்கிற சோலி ஒண்ணு இருக்கு, வர்றியா?" என்று கேட்டார். வந்துவிட்டேன். மூன்று நாள் பயணம். முதல் நாள் ஏலக்காயை ஏலம் விடுகிற போடி ஏல மையமும் அடிவாரத்துத் தோட்டங்களும். மீதி இரண்டு நாளும் மலை, ஏலக்காடு, பனி, மேலே சொன்ன குருவி.

குனிந்திருக்கும் படம்

பாண்டியம்மாவைச் சொல்லாமல் என் வேலையைச் சொல்ல முடியாது. ஏலக்காட்டில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, பிரித்துக் கொடுப்பார்கள். பதினாறு வருஷமும் என் நிரைக்கு அடுத்த நிரை அவளுடையது. யார் முதலில் முடித்தாலும், எதிர் முனையிலிருந்து மற்றவள் நிரையை எடுத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்போம். அவள் புருஷன் இறந்த துக்கத்தையும், என் மகள் பரீட்சையில் தேறிய சந்தோஷத்தையும் அப்படி நடுவில் சந்தித்த இடத்தில்தான் பேசி முடித்தோம்.

நான் வழிகாட்டியான புதிதில், பீரங்கி மாதிரி கேமரா வைத்திருந்த ஒருவரைக் காட்டுக்குள் கூட்டிப்போனேன். முழங்கால் வரை சேறு, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், தலையில் சாக்கு என்று பாண்டியம்மா குனிந்திருந்தாள். "எடுத்துக்கோங்க சார், நம்ம ஆளுதான்" என்றேன். அவளிடம் அனுமதி கேட்க வேண்டிய என் வாய், அவருக்குச் சிபாரிசு செய்தது. இரண்டு மாதம் கழித்து முதலாளி அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மெயின்ரோட்டில் போர்டாக வைத்துவிட்டார். நான் அழுது புலம்பி ஒரு வாரத்தில் எடுக்க வைத்தேன். அந்த ஒரு வாரத்தில் போடியிலிருந்து மேலே போன ஜீப்பு, பஸ்சு எல்லாம் பார்த்துவிட்டன. அவள் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாரும் பார்த்துவிட்டார்கள்.

போர்டை எடுத்த மறுநாள் காலையில் அவள் நிரைக்குப் போய் நின்றேன். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அன்றுதான். கையை நிறுத்தாமல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: "எங்களப் பாக்க டிக்கெட்டு எவ்வளவுடி?"

மேலே பார்த்த மனிதர்

பேச்சுத்தான் நின்றது, பாதை மாறவில்லை. விருந்தாளிகளை நடத்திப் போகிற வழி அவள் நிரையை ஒட்டியே போகிறது. எங்கள் சத்தம் கேட்டதும் பாண்டியம்மா முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். காய் எடுக்கிற இடம் வந்தால் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்பது அந்தப் போர்டுக்குப் பிறகு நான் போட்ட சட்டம். அதை விருந்தாளிகளுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். அந்த முதுகுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

ஒருமுறை சென்னையிலிருந்து பேங்கில் ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பறவை பார்க்கிறாராக்கும் என்று நான் பேசாமல் இருந்தேன், குருவி பயம்தான் காரணம். அரைமணி நேரம் கழித்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏலக்காய் மரம் இன்னும் வரலையே?" என்றார். அவர் நின்றதே ஏலச்செடிக்கு நடுவில்தான்.

இலையை விலக்கிச் செடியின் அடியைக் காட்டினேன். தரையோடு தரையாகச் சரம் ஓடிக் கிடக்க, அதில் காய் காய்த்திருந்தது. மனிதர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுப்ப நானும் அவர் மனைவியும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. எழுந்து நின்று வெகுநேரம் காய் எடுக்கும் பெண்களின் குனிந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "பாயசத்துல இது பல்லுல பட்டா துப்பிடுவேன்ல, இனிமே துப்பமாட்டேன்டி."

செருப்பைக் கழற்றிய இங்கிரிட்

போடி ஏல மையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வியாபாரிகளிடம் மாதிரிக்கு ஏலக்காய் கொடுப்பார்கள். அவர்கள் தட்டில் கொட்டி, உருட்டி, முகர்ந்து, விலை கேட்டுவிட்டு அப்படியே தரையில் தட்டிவிடுவார்கள். அடுத்த மாதிரி வரும், அதுவும் தரைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் தரையே பச்சையாகிவிடும். அதன்மேல் சரக் சரக் என்று மிதித்து நடப்பார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

தெரிந்த வியாபாரி ஒருவரின் தயவில் மற்ற விருந்தாளிகளோடு இங்கிரிட் என்கிற சுவீடன்கார அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். சொந்த ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அவர்கள் ஊரில் ஏலக்காய் போட்ட பன் இல்லாமல் காபி இறங்காதாம். எல்லாரும் உள்ளே போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே கால் வைக்க இடம் தேடிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன தாயி, அந்த அம்மா கால்ல முள்ளு கிள்ளு தச்சிருச்சா?" என்று வியாபாரி கேட்டார். என் இங்கிலீஷ் பத்தாவதோடு நின்றுபோனது. கையும் வாயுமாகக் கேட்டதில் விஷயம் புரிந்தது. தன் கடையில் எண்ணி எண்ணிப் போடுகிற பொருளை எப்படி மிதிப்பது என்கிறார். நான் சொன்னதும் வியாபாரி தன் காலைக் குனிந்து பார்த்தார். பக்கத்திலிருந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் பதினாறு வருஷமும் நான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது பாண்டியம்மாவிடம்தான். அன்று அதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. விருந்தாளிகளுக்கு நடுவில் நின்றபோதும் எனக்குத் தனியாகத்தான் இருந்தது. வியாபாரி விளக்குமாற்றை வாங்கி, அந்த அம்மா நடந்து வர ஒரு ஆள் அகலத்துக்குத் தானே கூட்டிவிட்டார். கூட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "முப்பது வருசமா மிதிக்கிறேன் தாயி, இன்னைக்குத்தான் கால் கூசுது."

யானை பார்க்க வந்தவர்கள்

யானை கேட்காத விருந்தாளி இன்னும் பிறக்கவில்லை. கல்யாணமாகி ஒரு மாதமான ஜோடி, ஜீப்பில் ஏறியதிலிருந்து யானை யானை என்று அரித்தார்கள். ஜீப் ஓட்டும் தங்கராசு அண்ணன், "ஆனைக்கு நாங்க சொல்லிவிட முடியாதுல்ல தம்பி" என்று ஆனமட்டும் சொல்லிப் பார்த்தார். தேவாரம் பக்கம் அடிவாரத்து வாழைத்தோட்டம் ஒன்றில் நிறுத்தினோம். பாதித் தோட்டம் படுத்துக் கிடந்தது. தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் இரவு யானை இறங்கியிருந்தது.

அந்தப் பையன் விவரம் புரியாமல் ஆசையாக, "அப்ப இங்க யானை வருமா அண்ணே?" என்று கேட்டுவிட்டான். நான் பல்லைக் கடித்தேன். தோட்டக்காரர் கோபப்படவில்லை. மிதிபடாத தாரிலிருந்து இரண்டு சீப்பை அறுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ஒரு நா முன்னாடி வந்திருந்தா ஆனையப் பாத்திருக்கலாம் அப்பு, நான் ஒரு நா முன்னாடி தாரை வெட்டியிருந்தா பொழச்சிருப்பேன்."

கழுவின பாட்டில்

தங்கராசு அண்ணன் விருந்தாளிகள் இல்லாத நாட்களில் விடியற்காலை காய் எடுக்கும் ஆட்களையும் ஏற்றிப்போவார். பாண்டியம்மாவும் அந்த ஜீப்பில்தான் போகிறாள். ஒருநாள் பூண்டு ஊறுகாய் போட்டு ஒரு பாட்டிலில் அடைத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். பூண்டு ஊறுகாய் இருந்தால் அவள் இரண்டு ஆள் சோறு சாப்பிடுவாள். ஒரு வாரம் பதில் இல்லை. எட்டாம் நாள் பாட்டில் திரும்பி வந்தது.

ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஒன்றுமில்லை என்றாலும் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்துவிட்டேன். ஒரு கல் உப்புக்கூட இல்லை. என் மூஞ்சி போன போக்கைப் பார்த்துத் தங்கராசு அண்ணனுக்கே பாவமாகிவிட்டது. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழுவித்தான குடுத்துவிட்டுருக்கு, நெசமாவே கோவம்னா கழுவாமக் குடுத்துவிட்டுருக்கும் தங்கச்சி."

பிஞ்சு

போன மாதம் திருப்பூரிலிருந்து நான்கு டீச்சர்கள் வந்தார்கள். காய் எடுக்கிற இடத்தில் வழக்கம்போலப் போனையெல்லாம் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, நான் பதினாறு வருஷம் எடுத்த பெருமையைக் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் வயதில் மூத்த டீச்சர், "ஒரு கை எடுத்துக் காட்டுங்களேன் ஈஸ்வரி" என்றார். வாய்க்கொழுப்பு சீலையில் வடியும் என்பார்கள், எனக்கு அன்று வடிந்தது. கங்காணி ஒரு வாளியைக் கொடுத்துவிட்டார். டாக்டரை மறந்துவிட்டுக் குனிந்தேன்.

விளைந்த காய்க்கும் பிஞ்சுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விளைந்தது விரல் பட்டதும் கையோடு வரும். பிஞ்சு வராமல் முரண்டு பிடிக்கும். அதை விட்டுவிட்டால் அடுத்த தடவைக்குள் விளைந்துவிடும். பிடுங்கினால் காய்ந்து சுருங்கி ஒன்றுக்கும் ஆகாது. இரண்டு வருஷத்தில் என் விரலுக்கு அந்த உணர்வு போய்விட்டது. டீச்சர்கள் பார்க்கிறார்களே என்ற அவசரத்தில் வெரசா எடுப்பதாக நினைத்துக்கொண்டு வந்ததையும் வராததையும் பிடுங்கிப் போட்டேன். இடுப்பில் யாரோ கத்தியைச் செருகுகிற மாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த நிரையில் பிளாஸ்டிக் தாள் சரசரத்தது. வாளிக்கு மேலே ஒரு கை வந்து, உள்ளே ஒரு துழாவு துழாவியது.

"அடியே! அம்புட்டும் பிஞ்சுடி! கண்ணு அவிஞ்சா போச்சு? பதினாறு வருசம் எம் பக்கத்து நெரையில எடுத்தேன்னு வெளிய எவகிட்டயும் சொல்லிறாத!"

பாண்டியம்மாதான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் குரல் என்னிடம் பேசியது. ஏதோ சண்டை என்று டீச்சர்கள் நான்கு அடி பின்னால் போய்விட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. அப்போது பார்த்து எழுந்திருக்கவும் முடியவில்லை. "இடுப்பு போன கழுதைக்கு இந்தச் சோலி எதுக்கு?" என்று திட்டிக்கொண்டே அவள் என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். நான் விட்ட செடியில் குனிந்து அவளே எடுக்க ஆரம்பித்தாள்.

மூத்த டீச்சர் என்னை விட்டுவிட்டு நேராக அவளிடமே, "அக்கா, உங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். பாண்டியம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணாம் கண்ணு" என்றாள். டீச்சர் சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான். கேட்கவும் பதில் சொல்லவும் ஆளுக்கு ஒரு நொடிதான் ஆனது. அந்த ஒரு நொடியைத்தான் நான் அன்றைக்கு அவளுக்குக் கொடுக்காமல் விட்டேன்.

டீச்சர்களை ஓடைப் பக்கம் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் அவள் பக்கத்தில் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அன்னைக்கு உன்னயக் கேக்காம விட்டது தப்புத்தான்டி பாண்டியம்மா" என்று மட்டும் சொன்னேன். சரத்திலிருந்து நாலைந்து காய் வாளிக்குள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் செடிக்கு அடியிலிருந்தே சொன்னாள்: "அதுவும் தப்புத்தான், பிஞ்சப் புடுங்குனதும் தப்புத்தான், ரெண்டுக்கும் சேத்து நாளைக்கு வரும்போது கருவாட்டுக் கொழம்பு கொண்டா."

மறுநாள் குழம்பில் உப்பு கம்மி என்று காடு முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் என்னைத் திட்டினாள், இந்த இரண்டு வருஷத்தில் விருந்தாளிகள் கைகுலுக்கிச் சொல்லிவிட்டுப் போன நன்றியெல்லாம் அந்தத் திட்டுக்கு முன்னால் பாலுக்கு உறை போடக்கூடக் காணாது.