கட்டுச்சோற்றுக்கு ஒரு பெர்மிட்டு

எழுபதுகளின் நடுவில், போடியில் எங்கள் தெருவில் யாருக்கு மலைக்குப் போகிற சோலி வந்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் ஏலக்காய் கமிஷன் கடையில் வேலை பார்த்தேன். வாரம் ஒரு தடவையாவது போடிமெட்டைத் தாண்டிப் போய் வருவேன். மெட்டு வரைக்கும் நம் ஊர், அதற்கு அப்பால் கேரளா. ஏதோ கடல் கடந்த தேசத்துக்கு ஆள் அனுப்புகிற தோரணையில் நான் புத்தி சொல்லி அனுப்புவேன்.

ஜீப்பில் பின்னால் உட்காராதீர்கள், நாலு வளைவு ஏறுவதற்குள் குடலைப் புரட்டும். எப்பாடுபட்டாவது முன் சீட்டைப் பிடியுங்கள். அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், உப்பை வையுங்கள். திரும்பும்போது ஆசைக்குக்கூட மடியில் பச்சை ஏலக்காயை முடிந்து வராதீர்கள். செக்போஸ்ட்டில் கேட்டதற்கு மட்டும் பதில், முந்திரிக்கொட்டை மாதிரி நீங்களாக வாயைத் திறக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே அரிசி. அப்போது அரிசியை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகத் தடை இருந்தது. வயிற்றில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாச்சி போல வந்த ஒருத்தியை இறக்கிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். நான் சொல்லி அனுப்பிய ஒருத்தர்கூட மாட்டியதில்லை. அதில் எனக்கு ரொம்பத் தலைக்கனம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவை மெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில், சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். எங்களில் தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய் வைத்துத்தான் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்து வகை, ஒவ்வொன்றும் ஒரு அண்டா. சோறு போகாமல் பெண் வராது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அம்மா நாள் பார்த்துவிட்டாள். அப்பா இல்லாத வீடு, மற்ற ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. ஐந்து அண்டா என்றதும் எனக்குச் செக்போஸ்ட்தான் கண்ணில் வந்து நின்றது.

"சோறும் அரிசிதானம்மா. அஞ்சு அண்டாவையும் இறக்கி வைன்னுட்டான்னா என்ன பண்ணுவ? தாலுகா ஆபீஸ்ல ஒரு பெர்மிட்டு வாங்கிடுறேன்."

"காலங்காலமா கொண்டுபோற சோறுய்யா. அதுக்குமா பேப்பரு?"

"ஒனக்கு மலைச் சட்டம் தெரியாதும்மா, சும்மா இரு."

சும்மா இருந்தாள். தெருவே நம்புகிறவனை அவள் மட்டும் நம்பாமல் என்ன செய்வாள்?

என் மனுவைப் படித்த குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்படியொரு மனு அவர் கைக்கு வந்ததில்லை போல. நாளைக்கு வா, மறுநாள் வா என்றார். நானும் விடாமல் நடந்தேன். பார்த்த நாள் கடந்துபோனது. இடையில் ஒரு தடவை கடை வேலையாக மெட்டைத் தாண்டிப் போனபோது அக்கா வீட்டில் இறங்கிக் காப்பி குடித்தேன்.

"எப்படா கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"பெர்மிட்டு வரட்டும்க்கா. வெரசா வந்துடும்."

ஒருவழியாகக் கையெழுத்து கிடைத்தது. அடுத்த நல்ல நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. பேப்பரை அம்மாவிடம் காட்டிவிட்டு கோட்டையைப் பிடித்தவன் மாதிரி நின்றேன். அன்று சாயங்காலமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மெட்டு ரோட்டில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயின. அம்மா தினமும் ஜீப் நிற்கிற இடத்துக்கு நடந்து போய் விசாரித்துவிட்டு வந்தாள். குறித்த நல்ல நாளும் மழையோடு போனது. பத்து நாள் கழித்து ரோடு திறந்தபோது அவள் நாளும் பார்க்கவில்லை, நட்சத்திரமும் பார்க்கவில்லை. காலையிலேயே அடுப்பு மூட்டி ஐந்து சோறும் கிளறிவிட்டாள்.

செக்போஸ்ட்டில் யாரும் கேட்பதற்கு முன்னால் நானே பேப்பரை நீட்டினேன். காவலர் அதை இரண்டு தடவை படித்தார்.

"கட்டுச்சோத்துக்கா பெர்மிட்டு வாங்குனீங்க? பிள்ளைத்தாச்சிக்குப் போற சோத்தை எவன்யா மறிப்பான்? எத்தனை அண்டா இந்த வழியா போகுது! ஆத்தா, ஒரு கை புளிச்சோறு வச்சுட்டுப் போங்க."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அசடு வழிந்தேன். அம்மா இலையில் சோற்றை வைத்துக் கொடுத்துவிட்டு, அக்கா வீடு போய்ச் சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற மச்சான் அண்டாக்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நாலு நாளைக்கு முன்னால் அக்காவுக்கு வலி கண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண்தான் பிரசவம் பார்த்திருக்கிறாள். ஆண் குழந்தை. அழவே இல்லையாம். மழை விட்டு அன்று காலையில்தான் சேதி சொல்ல அனுப்பிய ஆள், ரோடு திறந்தது தெரியாமல், போடிக்கு இறங்கும் குரங்கணி ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்.

பிள்ளை பெற்றவள் புளிப்பு, தயிர், தேங்காய், எள் எதுவும் தொடக்கூடாது. கொண்டுபோன ஐந்து சோற்றில் ஒன்றைக்கூட அவளுக்கு ஊட்ட முடியவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அம்மா அங்கேயே ஒரு கைப்பிடி அரிசி வாங்கிக் கஞ்சி வைத்தாள். நான் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெர்மிட்டைப் பற்றி அம்மா சொல்லியிருக்க வேண்டும். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குக் காப்பி குடிக்க வந்தியே தம்பி, ஊருக்குத் திரும்பிப் போறப்ப ஜீப்புல எடம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இருந்தது. முன் சீட்டே காலியாகத்தான் இருந்தது.