தொட்டிக்கரியும் கோக்கும்

சீமைக் கருவேலங்கரி பற்றும்போது துப்பும். முதல் சோதனையன்றே என் சட்டையில் ஓட்டைகள் விழுந்தன, மனைவியின் புறங்கையில் கொப்புளம் கிளம்பியது. ஒரு பொறி துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியில் போய் உட்கார்ந்து, நாங்கள் கவனிப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்குத் தின்றுவிட்டது. ஆனாலும் கரிக்கடைகளில் அதிகம் விற்பது அதுதான். இஸ்திரி வண்டிக்காரர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். விலை குறைவு.

நாங்கள் கரிகளை ஒப்பிட ஆரம்பித்தது என் மகளுக்காக. சரவணம்பட்டியில் பார்த்துவந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் மாலை நேரத்துக் கிரில் கடை ஒன்று போடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள். இடம் பேசியாகிவிட்டது. மசாலா தயார். எந்தக் கரி என்பது மட்டும் பாக்கி. நான் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வார்ப்பு இரும்பில் விரிசல் தேடுவது என் வேலை. "கம்பெனியில சோதிக்கிற மாதிரியே சோதிச்சுச் சொல்லுங்கப்பா" என்றாள். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்தில் அடுப்பை வைத்தோம். ஞாயிறுதோறும் அங்கே கோழி வெந்தது.

கிலோ விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சீமைக் கருவேலங்கரி கிலோ நாற்பத்தைந்து ரூபாய்க்குக் கிடைத்தது. மூட்டையைக் கொட்டிச் சலித்தால் அடியில் தூளும் மண்ணும் கூழாங்கல்லும் இருந்தன. ஈரம் கோத்த கல் சூடேறினால் பட்டாசாக வெடிக்கும். ஆன்லைனில் வந்த கட்டிக்கரி நூற்று முப்பது. தூளை மாவுப்பசையில் பிசைந்து அச்சில் அழுத்தியது, எல்லாக் கட்டியும் ஒரே அளவு. சீராக எரிந்தது. ஆனால் பற்றும்வரை ஒரு மருந்து வாடை, எரிந்த பிறகு சாம்பல் மலை. காங்கேயம் பக்கமிருந்து வந்த தேங்காய்த் தொட்டிக்கரி, அதாவது கொட்டாங்குச்சியைச் சுட்ட கரி, எழுபது ரூபாய். அது பற்றுவதற்கு நேரம் பிடிக்கும். பற்றிவிட்டால் புகை இல்லை, பொறி இல்லை, கையை மேலே காட்டும்வரை அது எரிகிறதென்றே தெரியாது. ஒரு கிலோ கோழி வேக எத்தனை ரூபாய்க் கரி என்று கணக்குப் போட்டேன். தூளையும் கல்லையும் கழித்துப் பார்த்தால் கருவேலங்கரிக்கும் தொட்டிக்கரிக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான் வந்தது. மகள் தொட்டிக்கரிப் பக்கம் சாய்ந்தாள்.

இதில் என் மச்சானுக்கு இடம் இருந்திருக்கக் கூடாது. மனைவியின் அண்ணன் அவர், சிறிய பவுண்டரி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மகனுக்குப் பெண்ணின் மேல் முறை உண்டு. தன் பையனுக்குத்தான் என் மகள் என்று அவர் வெகுகாலமாக நினைத்திருந்தார். அவளுக்குக் கோழி சுடுவதில் ஆசை என்று தெரிந்தபோது, விரல் தடிமனில் துளைகள் போட்ட வார்ப்புத் தட்டு ஒன்றைத் தன் கையாலேயே வார்த்துக் கொண்டுவந்து, "என்ற மருமகளுக்கு" என்று கொடுத்தார். இந்த வருடம் தை மாதத்தில் மகள் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போனார், காப்பி டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டு. தட்டு மட்டும் எங்களிடமே இருந்தது.

அவருடைய கோபம் எனக்குத் தெரிந்ததுதான். ஒருமுறை அவருடைய பவுண்டரிக்குப் போயிருந்தேன். உருகிய இரும்பை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தொழிலாளி குடிக்கத் தண்ணீர்க் குடத்தை உலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். மச்சான் ஓடிப்போய் அவர் கன்னத்தில் விட்ட அறையில் குடம் தெறித்து வெளியே போய் விழுந்தது. "காஞ்ச இரும்பு மேல தண்ணி பட்டா என்ன ஆகும்னு தெரியாதாடா? குண்டுடா அது, குண்டு!" என்று கத்தினார். அடி வாங்கியவர் தலையாட்டினார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கடைசிச் சோதனை நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் கூப்பிடாமலே மச்சான் வந்தார். ஒரு மூட்டை கோக்கையும் காற்று ஊதுகிற புளோயர் ஒன்றையும் வண்டியிலிருந்து இறக்கினார். கோக் என்பது நிலக்கரியைச் சுட்டு எடுப்பது, இரும்பை உருக்குவதற்காக இந்த ஊர்ப் பவுண்டரிகளில் எரிப்பது. அதில் கோழி சுடலாம் என்கிற யோசனை இந்த ஊர்க்காரருக்குத்தான் வரும்.

நான் தராசில் கரி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மாப்ள, நகைக்கடைங்களா வெச்சிருக்கறீங்க? கரியப் போயித் தராசுல வெக்கறீங்க?"

"ஆர்.எஸ்.புரத்துல கடைங்க மாமா. அங்கெல்லாம் நகைத் தராசுதானுங்க" என்றாள் மகள்.

அவர் சிரித்தார். அடுப்பருகில் குனிந்து தொட்டிக்கரியைப் பார்த்தார். "இதென்ன கண்ணு, சீக்குக்காரன் மூச்சு உடற மாதிரி எரியுது? மாமன் காட்டறேன் பாரு, நெருப்புன்னா என்னன்னு."

"வேண்டாங்கண்ணா. புள்ள ஏதோ பாத்துட்டிருக்குது. நீங்க உக்காருங்க, சோறு போடறேன்" என்றாள் என் மனைவி.

"நீ சும்மா இரு அம்மணி. ஓசியில குடுக்கறேன், அதையும் வேண்டாம்பீங்களா?"

தொட்டிக்கரியின் மேல் கோக்கைக் கொட்டி, புளோயரை மாட்டிப் போட்டார். அடுப்பு உறுமியது. கொஞ்ச நேரத்தில் அதன் நடு வெள்ளையாகிவிட்டது, பார்க்கக் கண் கூசியது. பக்கத்துக் கறிவேப்பிலைச் செடி அந்தப் பக்கமாக மட்டும் சுருண்டது. அவர் வார்த்த தட்டு அடியில் சிவந்து, சிவப்பு மேல்வரைக்கும் ஏறியது. ஒரு தொடைத்துண்டை எடுத்து அதன் மேல் போட்டார். அது போட்டதும் அலறியது என்றுதான் சொல்ல வேண்டும். தோல் வெடித்துக் கொழுப்பு தீப்பிடித்தது. திருப்பிப் போடுவதற்குள் கருகிவிட்டது.

மகள் அதை இடுக்கியால் எடுத்துப் பலகையில் வைத்துக் கத்தியால் வெட்டினாள். வெளியே கரி. எலும்பையொட்டி ரத்தம் வழிந்தது. ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்தவள் துப்பிவிட்டாள்.

"கந்தக நாத்தமுங்க மாமா. இதுல இரும்பு உருக்கலாம். கோழி சுட முடியாது."

"துப்பற?" என்றார் மச்சான். "மாமன் குடுத்தத் துப்பற நீயி?"

"திங்க முடியலைங்களே."

"என்ற பையன் வேண்டாம். என்ற கோக்கு வேண்டாம். ரோட்டோரத்துல நின்னு எவெவனுக்கோ கோழி சுட்டுப் போடோணும், அதுதான் வேணும் உனக்கு. நம்மூட்டுப் பொம்பளை செய்யற வேலையா அது?"

"எவெவனுக்கோ இல்லைங்க மாமா. பசிச்சு வாரவங்களுக்கு. நான் போடத்தான் போறேன்."

அவர் திரும்பினார். துவைக்கும் கல்லின் மேல் கோழி கழுவிய தண்ணீர் ஒரு பக்கெட் நிறைய இருந்தது, ரத்தம் கலங்கி. அதை இரண்டு கையாலும் தூக்கினார். "மச்சான்!" என்று நான் கத்தினேன். மகள் இன்னும் இடுக்கியுடன் அடுப்பின் முன்னால்தான் நின்றிருந்தாள். ஒரே வீச்சில் முழுத் தண்ணீரையும் தட்டின் மேல் அடித்தார்.

வார்ப்பு இரும்பு உடையும் சத்தத்தைத் தொழிலில் நிறையக் கேட்டிருக்கிறேன். இது அப்படியில்லை. வெடி. நீராவியும் சாம்பலும் எழுந்து எதுவும் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது, வார்த்தையாக இல்லை. தட்டின் ஓரத்துண்டு ஒன்று அவளுடைய வலது முன்கையைப் பிளந்துவிட்டுச் சுவரில் மோதிக் கீழே விழுந்து இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வெட்டின் ஓரங்கள் வெந்திருந்தன. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு ரத்தம் வந்து அதை மூடியது.

நான் துண்டை எடுத்து அவள் கையைச் சுற்றி இறுக்கினேன். அப்போதுதான் என் மனைவி, மகள் கையிலிருந்து விழுந்த இடுக்கியைப் பொறுக்கினாள். அதன் முனை கோக்கில் கிடந்து சூடாகியிருந்தது. தன் அண்ணனின் தோளில் அடித்தாள். சட்டை பொசுங்கியது. மறுபடி அடித்தாள், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூன்றாவது அடியில் அவர் முழங்கால் மடங்கி, கொட்டிக்கிடந்த கரியின் மேல் உட்கார்ந்தார். மகள்தான் "அம்மா, போதும், ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

ஆள்காட்டி விரலைத் தூக்கும் தசைநார் அறுந்திருந்தது. அறுவை செய்து சேர்த்தார்கள். "விரல் எந்தளவுக்கு வேலை செய்யும்னு இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். எப்படி ஆனது என்று கேட்டதற்கு, "தட்டு உடைஞ்சுதுங்க" என்றாள் மகள். பிறகு என்னிடம், "இடுக்கி புடிக்க முடியுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆர்.எஸ்.புரத்து இடத்தின் சொந்தக்காரர் அதை அடுத்த மாதம்வரை எங்களுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

கட்டு இருந்த நாட்களில் சொந்தக்காரர்கள் வந்து வந்து போனார்கள். பழத்தை வைத்துவிட்டு எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "நெருப்பு அணைக்கலாம்னு தண்ணி ஊத்தியிருக்காரு. தட்டு உடையும்னு அவரு கண்டாரா?" "கெட்ட நேரம். அதுக்காகக் கூடப் பொறந்தவனைச் சூடு வெக்கறதா?" என் மனைவி காப்பி கொடுத்தாள். சமையலறைக்கு வந்து என்னிடம் மட்டும் கேட்டாள்: "அவருக்குத் தெரியாதுங்களா?" பவுண்டரியில் அந்தத் தொழிலாளி வாங்கிய அறையைப் பற்றி நான் அவளுக்கு ஏற்கனவே சொல்லியிருந்தேன்.

மகள் இதையெல்லாம் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்துக் கடித்து உதடு புண்ணாகிவிட்டது. பென்சில், கரண்டி, அப்புறம் இடுக்கி என்று பிடித்துப் பழகினாள். விரல் நுனி முழுதாக நிமிரவில்லை. கரித்துண்டை எடுத்து வைக்க அது போதுமாயிருந்தது. தொட்டிக்கரிக்கு ஆர்டர் கொடுத்தாள்.

கடை திறப்பதற்கு முந்தின நாள் காலையில் மச்சான் வாசலில் நின்றார். தட்டத்தில் தேங்காய், பழம், வெற்றிலை. கூடவே மஞ்சள் துணியில் சுற்றிய புதிய வார்ப்புத் தட்டு. மாமன் சீர். என் மனைவி அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"வாங்க மாமா. பொடக்காளிக்கு வாங்க, அடுப்பு அங்கதான் இருக்குது" என்றாள் மகள்.

அவர் முகம் மலர்ந்தது. அவள் பின்னாலேயே வீட்டுப் பின்புறத்துக்குப் போனார். அவள் துணியைப் பிரித்துத் தட்டை அடுப்பில் வைத்தாள். தொட்டிக்கரியைப் பற்றவைத்து, அவர் அன்று விட்டுப்போன அதே புளோயரை மாட்டினாள். தட்டு மெல்லச் சிவந்தது. அவள் போய் ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணு, என்ன பண்ற?" என்றார் மச்சான்.

"தள்ளி நில்லுங்கப்பா. நீங்களும் வாங்க மாமா, இந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால."

"கண்ணு, வேண்டாம். தெறிக்கும். உடைஞ்சுரும் கண்ணு!"

"உடையும்ங்களா?" என்றாள். "உங்களுக்கு எப்படிங்க மாமா தெரியும்? அன்னிக்குத் தெரியாதுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க."

அவர் தொட்டிக்குப் பின்னால் வந்து குனிந்தார். அவள் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து, இடது கையால், பக்கெட்டை அப்படியே வீசினாள். வெடித்தது. சுவரின் மேல் சில்லுகள் வந்து அடித்தன. நீராவி கலைந்தபோது தட்டு நடுவில் பிளந்து இரண்டாகக் கிடந்தது.

சமையலறைக் கதவில் என் மனைவி வந்து நின்றிருந்தாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கைத் தழும்பைப் பார்த்தார். "தெரியும் கண்ணு" என்றார். "தெரிஞ்சுதான் ஊத்துனேன். நீ அங்க நிக்கறதும் தெரியும்."

யாரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"சரிங்க மாமா. சொந்தக்காரங்க கேட்டா இதையே சொல்லுங்க" என்றாள் அவள். "கடைக்கு வார்ப்புத் தட்டு வேண்டாம். கம்பித் தட்டு வெல்டிங் வெச்சு வாங்கியாச்சு."

அவர் உடைந்த பாதிகளை எடுக்கக் குனிந்து கையை நீட்டினார்.

"சூடா இருக்குதுங்க" என்று சொல்லி, அவள் இடுக்கியை நீட்டினாள். அவர் தோளில் விழுந்த அதே இடுக்கி. வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பாதியாகப் பிடித்து மஞ்சள் துணியில் வைத்தார். துணி பொசுங்கி வாடை அடித்தது. இடுக்கியையும் அதோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, தங்கையைக் கடந்து, வாசல் வழியாகப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டவுனுக்குப் போய்ப் புது இடுக்கி வாங்கினோம். மகள் கடையிலேயே நின்று வலது கையால் திறந்து மூடிப் பார்த்து, நான்காவதாக எடுத்ததைத் தேர்ந்தெடுத்தாள்.