குதிக்கிற சைக்கிளுக்கு ஒரு செயின் கைடு

மலேசியாவின் ஈப்போவில் மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மலைக்குப் போவார்கள். நான் படிக்கட்டுக்குப் போகிறவன். பழைய நகரத்துப் பின்சந்துகள், பூட்டிக் கிடக்கும் ஒரு பேரங்காடியின் பின்புறப் படிகள், ஆற்றோரத் திண்டுகள், லோங்காங் என்று நாங்கள் சொல்லும் அகலமான சாக்கடைகள், இவைதான் என் மலைகள். நாற்பதைத் தாண்டி, ஏசி பழுதுபார்த்துப் பிழைக்கும் என்னைப் போன்ற ஏர்கோன் மெக்கானிக் சாக்கடை தாண்டிக் குதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. அப்படிக் கேட்பவர்களில் முதல் ஆள் என் மனைவி.

அவள் கேட்பதில் நியாயம் உண்டு. போன வருடம் அந்தப் பேரங்காடிப் படிகளில் இறங்கும்போது செயின் கழன்றது. ஒவ்வொரு படியிலும் சைக்கிள் குலுங்கும்போது செயினும் துள்ளும். துள்ளுகிற வேகத்தில் பல்சக்கரத்தை விட்டு வெளியே விழும். அந்த நேரம் பார்த்து மிதித்தால் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். என் முன்பல் பாதியாக வீடு திரும்பியது. அன்றைக்கே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவ விழுந்து வந்தீங்கன்னா, சைக்கிள் சிலிம் ரிவருக்குப் போயிரும்."

சிலிம் ரிவர் தெற்கே ஒரு சின்ன ஊர்; அங்கே அவள் தம்பி இருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் என் சைக்கிள் அவன் கைக்குப் போனால் முன்னால் ஒரு கூடையை மாட்டி, பின்னால் கோழித்தீவன மூட்டையை வைத்துக் கட்டிவிடுவான். என் மனைவி மற்ற விஷயங்களில் விளையாடுவாள், இதில் விளையாடமாட்டாள்.

ஆகவே எனக்கு ஒரு நல்ல செயின் கைடு தேவைப்பட்டது. பல்சக்கரத்தின் மேல் செயின் துள்ளாமல் கவ்விப் பிடிக்கிற சின்னக் கூடு அது. சிலவற்றில் செயினை அடியிலும் தாங்கிப் பிடிக்க ஒரு குட்டி உருளை இருக்கும். இணையத்தில் இதற்கென்று எத்தனையோ பேர் வாய் கிழியப் பேசுகிறார்கள். புல்வெளியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு "இரும்பு மாதிரி உழைக்கிறது" என்று எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது எங்கள் லோங்காங் ஓரத்துச் சிமெண்டில் இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவர்கள் பேச்சை நம்பி வாங்கிய அலுமினியக் கைடு திண்டில் ஒரே இடி வாங்கி வளைந்தது. அடுத்து வாங்கிய பிளாஸ்டிக் கைடு எங்கள் வெயிலுக்கே வெடித்தது.

என்னோடு சேர்ந்து ஓட்டும் ஒரே ஆள் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். தமிழ் முஸ்லிம். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். காலைப் பசியாறல் கூட்டம் ஓய்ந்ததும் கடையை அவர் மனைவியிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். எடையைப் பார்க்காதே, தகட்டின் தடிப்பைப் பார் என்று அவர்தான் சொன்னார். கடைசியில் இரும்புத் தகடும் அடியில் உருளையும் உள்ள ஒன்றை வாங்கினேன்.

அதை மாட்டுவதற்கு முன் சமையலறை மேசையில் வைத்து மனைவியிடம் காட்டினேன். அவள் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று வாய் கொஞ்சம் நீளம். இனிமேல் என்னைக் காப்பாற்றப் போவது இதுதான், என் உயிரே இதற்குள்தான் இருக்கிறது என்றேன். அவள் கையை நிறுத்திவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி நெத்திலியை எடுத்தாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரங்கள் கைடு அருமையாக உழைத்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே பேரங்காடிப் படிகளில், பாதி இறங்கும்போது பெடல் இறுகி நின்றது. நான் நிற்கவில்லை. முழங்கை சிமெண்டில் தேய்ந்தது. நண்பர் ஓடிவந்து முதலில் என் பல்லைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் புரட்டினார். உருளையைத் தாங்கும் கை வளைந்து, செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஏதோ இறுகியிருந்தது. குத்தூசியால் கிளறிக் கிளறி அவர் அதை வெளியே எடுத்தார். கிரீஸில் ஊறிய ஒரு கயிறு. ஓரத்தில் மட்டும் மஞ்சளும் சிவப்பும் தெரிந்தன.

என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் போகிற கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் கயிறு அது. முடிச்சும் அவளுடையதுதான்; பலகாரப் பொட்டலத்துக்கும் அப்படித்தான் மூன்று முடிச்சுப் போடுவாள். நான் இந்த மாதிரிக் கயிறுகளை எப்போதும் கேலி செய்வேன். எலுமிச்சம்பழம் கட்டிய லாரியும் பள்ளத்தில் கிடப்பதைக் காட்டிச் சிரிப்பேன். அதனால்தான் என்னிடம் சொல்லாமல் கட்டியிருக்கிறாள். என் உயிர் எதற்குள் இருக்கிறது என்று நான் சொன்னேனோ, சரியாக அதிலேயே கட்டியிருக்கிறாள்.

நண்பருக்கு வழி தெளிவாகத் தெரிந்தது.

"வீட்ல உண்மையச் சொல்லிரு மச்சான். கைடு மேல தப்பு இல்ல, உம்மேலயும் தப்பு இல்ல. சைக்கிள் தப்பிச்சிரும் லா."

"அப்ப யாரு மேல தப்பாவும், அண்ணே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். கயிற்றைத் தரையில் போட்டுவிடாமல் ஒரு டிஷ்யூவில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து, செயின் சிக்கிக்கொண்டது, கைடு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் மருந்து போட்டாள், கட்டுப் போட்டாள், பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிறு வேனோடு வருவதாக அவன் சொன்னான். குரலில் அவ்வளவு சந்தோஷம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

சட்டைகளைத் துவைக்கப் போடுமுன் பைகளைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். அதை நான் மறந்துபோனேன். வரவேற்பறையில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் டிஷ்யூவைக் கையில் விரித்தபடி வந்து நின்றாள். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"நாந்தான் உங்களத் தள்ளிவிட்டேனா?"

இல்லை, அது பழைய படி, பாசி பிடித்த படி என்று ஏதேதோ உளறினேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இனிமே கட்டமாட்டியே."

அப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அதுதான் உண்மை. கிரீஸ் பட்ட துணியை இரண்டு விரலால் தூக்குகிறவள், நான் குளிக்கப் போன நேரத்தில் குனிந்து உட்கார்ந்து அந்த அழுக்குக்குள் கை விட்டு முடிச்சுப் போட்டிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்மேல் வைத்திருக்கும் ஆசையை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. சைக்கிள் போனாலும் போகட்டும், அந்தக் கை நின்றுவிடக் கூடாது என்று இருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு என்னை மடையன் என்று திட்டினாள். அதற்கும் பிறகு தம்பியைக் கூப்பிட்டு, வேன் வேண்டாம், இந்த முறை அவர் விழுந்தது கணக்கில் சேர்த்தி இல்லை என்றாள். அவன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அது உனக்கு எதுக்கு என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சைக்கிள் கடைக்கு அவளும் வந்தாள். கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று கைடுகளை எடுத்து வைத்து, வழக்கம்போல எடையிலிருந்து ஆரம்பித்தார். அவள் அதைக் காதில் வாங்காமல், மார்க்கெட்டில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வளைந்துகொடுத்ததை ஒதுக்கினாள். உருளை உள்ளதையும் ஒதுக்கினாள். உருளை இருந்தால் எதையாவது உள்ளே இழுக்கும் என்று மலாயில் அவரிடமே சொன்னாள். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மிஞ்சியது கனமான இரும்புத் தகடு கொண்டது. மேலே கூடு, அடியில் இடி தாங்க ஒரு தடித்த பட்டை, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். தகட்டின் மேல்மூலையில், செயினுக்கு எட்டாத இடத்தில், ஒரு துளை சும்மா இருந்தது. வேறு வகைச் சைக்கிளில் மாட்டுவதற்கான துளை அது, உங்களுக்குத் தேவைப்படாது என்றார் தவுக்கே. அவள் அதில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்றாள்.

அவர் மாட்டி முடித்ததும் பெடலைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். பிறகு தானே ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து புதுக் கயிறு ஒன்றை எடுத்து, கடைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தத் துளையில் கோத்து மூன்று முடிச்சுப் போட்டாள். தவுக்கேயிடம் கத்தரிக்கோல் வாங்கித் தொங்கிய முனைகளை ஒட்ட நறுக்கினாள். எழுந்து, கிரீஸ் பட்ட விரல்களை என் சட்டையிலேயே துடைத்தாள்.

"இப்பப் போய்க் குதிங்க," என்றாள்.