மாமா ‘வாறன்’ என்றார்

பாலத்துக்கு இந்தப் பக்கம் லௌஃபன்பூர்க், சுவிஸ். அந்தப் பக்கமும் லௌஃபன்பூர்க், ஜேர்மனி. ஒரே பழைய ஊரை எந்தக் காலத்திலோ ரைன் ஆற்றோடு கிழித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு அதைக் காட்டுவோம் என்பது என் யோசனை. ஷ்லீரனில் எங்கள் வீட்டுப் பல்கனியிலிருந்து ரயில் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்துவிட்டது.

மனைவிக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை. கதவடியில் நின்று உத்தரவு போட்டாள்.

“அப்பாக்கு இன்சுலின் போட்டாச்சு. பசிக்குது எண்டு அவர் வாய் திறக்கமாட்டார். நேரத்துக்குச் சாப்பிடக் குடுங்கோ. உங்கட வயித்தை மட்டும் பாக்காதேங்கோ.”

மாமாவின் பாஸ்போர்ட், மருந்துக் குளிசை, புட்டுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், கைபேசி எல்லாம் என் முதுகுப் பையில். அவர் கையில் ஒரு குடை மட்டும்.

பாலம் கடந்து ஜேர்மன் பக்கம் ஏறினோம். கல் பதித்த ஒழுங்கைகள், தேவாலயம், ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சாடி. மாமா எல்லாவற்றையும் பார்த்து “வடிவாக் கிடக்கு” என்றார். வடிவாகக் கிடந்தவற்றுள் ஓர் ஐஸ்கிறீம் கடையும் இருந்தது. நீரிழிவுக்காரருக்கு முன்னால் நக்குவது பாவம். அதனால் அவரை நீரூற்றடியில் இருத்திவிட்டு, “ஒரு நிமிசம் மாமா, பிறகு சாப்பிடுவம்” என்று வரிசையில் போய் நின்றேன்.

முறை வரும் நேரம் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“தம்பி, அப்ப நான் வாறன்.”

“ஓம் மாமா, வாங்கோ வாங்கோ.”

கோப்பையை வாங்கிக்கொண்டு நின்றேன். வாறன் என்றவர் வரட்டும் என்று நின்றேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நீரூற்று இருந்தது, மாமா இல்லை.

முதலில் நடந்தேன். பிறகு கெதியாக நடந்தேன். பிறகு, இந்த வயிற்றோடு, ஓடினேன். தேவாலயத்துக்குள் எட்டி “மாமா!” என்று கத்தினேன், முழந்தாளிட்டிருந்த ஒரு ஜேர்மன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஆற்றை எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. மாமா எங்கோ ஒரு மூலையில் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கிக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்றும் புட்டு என் முதுகில் துள்ளுகிறது. என் நெஞ்சும் துள்ளியது. இரண்டு பேரும் ஒரே நாளில் விழுந்தால் மனைவி யாரிடம் முதலில் ஓடுவாள் என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவளே அழைத்தாள்.

“அப்பா சாப்பிட்டவரோ?”

“ஓ… ஓம். இடம் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

“உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?”

“ஏத்தம்” என்று சொல்லித் துண்டித்தேன்.

பாலத்தில் எல்லைக் காவலர் ஒருவர் நின்றார். இளம் ஆள், இடுப்பில் துப்பாக்கி. வழக்கமாக அந்தச் சீருடையைக் கண்டால் நான் மறுபக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நானே போய்ப் பிடித்துக்கொண்டேன். மாமனார் தொலைந்துவிட்டார், நோயாளி, பாஸ்போர்ட் என்னிடம் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனையெல்லாம் கொட்டினேன்.

“கடைசியாக என்ன சொன்னார்?”

“வருகிறேன் என்றார்.”

“அப்படியென்றால் வருவார். அங்கேயே நின்றிருக்கலாமே.”

“இல்லை, ஐயா. எங்கள் பாஷையில் ‘வருகிறேன்’ என்றால் போகிறேன்.”

அவர் என்னை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார்.

“சரி. நீங்கள் உண்மையிலேயே வரும்போது என்ன சொல்வீர்கள்?”

“வருகிறேன்.”

அவர் பார்வை என் பைக்குப் போனது. எனக்கோ அப்போதுதான் மண்டையில் அடித்தது. போறன் என்று சொல்லிவிட்டு எந்த யாழ்ப்பாணத்தான் புறப்பட்டிருக்கிறான்? நானே தினம் காலையில் வேலைக்குப் போகும்போது சொல்வது அதுதானே. மனிதர் என்னிடம் ஒழுங்காக விடைபெற்றுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நான் “வாங்கோ” என்று வழியனுப்பியும் வைத்திருக்கிறேன். ‘அப்ப நான் வாறன்’ என்று சொல்லிப் புறப்படுகிறவன் வீட்டுக்குத்தான் போவான். வீட்டுக்கு வழி, நாங்கள் வந்திறங்கிய ரயில் நிலையம்.

“இடம் விளங்கிட்டுது!” என்று காவலரிடம் தமிழில் கத்திவிட்டு சுவிஸுக்குள் ஓடினேன்.

மாமா நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. குடையைப் பிடித்த கை நடுங்கியது. “மாமா” என்றேன், யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பையைத் திறக்க என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், இடது கையில் இன்னமும் அந்த ஐஸ்கிறீம் கோப்பை. தேவாலயம், ஆறு, துப்பாக்கி எல்லாம் தாண்டி, உருகிக் கஞ்சியாக வந்திருந்தது. பாதி என் காற்சட்டையில்.

மிச்சத்தை அவர் வாயில் வைத்தேன். ஒரு மிடறு. இன்னொன்று. கோப்பை காலியானது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் எந்தக் கடவுளையும் அவ்வளவு நேரம் இமைக்காமல் பார்த்ததில்லை. மெல்ல மெல்ல அவர் கண்கள் என்னிடம் திரும்பி வந்தன.

“தலை ஒரு மாதிரிக் கிடந்தது, தம்பி. ஸ்டேசனில இருப்பம் எண்டு வந்தனான். சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்?”

“ஓம் மாமா. சொன்னனீங்கள்.”

புட்டைப் பிரித்துக் கொடுத்தேன். தொண்டையில் அடைத்தது அவருக்கு. ஓட்டத்தில் போத்தலை எங்கோ விழுத்தியிருந்தேன். தண்ணீர் வாங்க எழுந்தேன். ‘வாறன்’ என்று சொல்ல நாக்கு கூசியது.

“மாமா, நான் போறன்.”

அவர் புட்டுக் கையாலேயே என் சட்டையை எட்டிப் பிடித்தார்.

“என்ன கதை கதைக்கிறீர்! போறன் எண்டு சொல்லுறதோ? இரும் பேசாமல்!”

பிடி விடவில்லை. நானும் இருந்துவிட்டேன்.