ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை

"அந்த வரியை எழுதுனது யாருங்க ஐயா?"

போன ஞாயிற்றுக்கிழமை, எல்கடுவைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வைத்து அங்குள்ள மாதர் சங்கத் தலைவி புஷ்பராணி இப்படிக் கேட்டார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அன்று குழந்தைகள் இல்லை. அவர்களுடைய குட்டி நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்கும்போது அதிகாரத் தோரணை காட்டுவது கஷ்டம். வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

எந்த வரி? திட்ட அறிக்கையில் இருந்த 'பொதுமக்களிடமிருந்து ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை.'

பக்கத்து நாற்காலியில் இருந்த என்ஜினியர் ரில்வானைப் பார்த்தேன். அவர் தன் பிளேன்டீயைப் பார்த்தார். வேறு வழியில்லை...

"நான்தாம்மா."

விஷயம் இதுதான். தோட்டத்துக்கு மேலே இறங்கும் ஓடையை மறித்து ஒரு சின்ன நீர்மின் நிலையம் வரப் போகிறது. பெரிய அணைக்கட்டு என்று பயப்பட வேண்டாம் – இடுப்பளவு தடுப்புச் சுவர், ஒரு வாய்க்கால், கீழே ஒரு மெஷின். புகை இல்லை, டீசல் இல்லை. வருமானத்தில் ஒரு பங்கு, லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து மக்களின் நலச் சங்கத்துக்கு. நல்ல திட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ரில்வான் மாத்தளை டவுன்காரர், என் நண்பரின் மகன். "சேர், மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன். மக்கள் ஆதரவை மட்டும் நீங்க எடுத்துத் தாங்க" என்றார். பிரதேச செயலகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். மக்கள் ஆதரவை எத்தனை பிரதிகளில் எடுக்க வேண்டும் என்பதுவரை தெரியும்!

எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தேயிலை பெக்டரிச் சுவரில் அறிவித்தல் ஒட்டினேன், மூன்று மொழியிலும். கூட்டம் புதன்கிழமை, காலை பத்து மணி. வந்தவர்கள் யார்? நான், ரில்வான், ஒரு நாய். அவகாசம் முடியும்வரை ஒரு கடிதமும் வரவில்லை. ஆகவே அந்த வரி.

புதன் காலை பத்து மணிக்குத் தோட்டத்து ஆட்கள் எங்கே இருப்பார்கள்? மலையில். இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும் – பாதி நாள் சம்பளம். இது எனக்குத் தெரியாதா? இரத்தோட்டையில் வளர்ந்தவன், என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான். ஆனால் கூட்டம் என்றால் காலை பத்து மணி என்று கை தானாகவே எழுதிவிட்டது. உத்தியோகம் கைக்குள் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

பிறகு ரில்வானின் ஆட்கள் ஓடையோரம் முளை அடித்தார்கள். பெண்கள் அதைப் பிடுங்கினார்கள். எறியவில்லை, விறகு மாதிரி நேர்த்தியாகக் கட்டி, பெக்டரி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பின்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

பழக்க தோஷம், வந்தவர்கள் கையெழுத்து வைக்க வரவுத் தாளைச் சுற்றவிட்டேன். வெறுமையாகத் திரும்பி வந்தது.

"வந்தோம்னு வைக்கிற கையெழுத்து, மேல போறப்ப சம்மதம்னு ஆயிருங்க" என்றார் புஷ்பராணி. "இதுக்கு முந்தி ரோட்டுக்குன்னு வாங்குனாங்க. ரோடு வரல, மரம்தான் போச்சு."

மறுக்கத் தோன்றவில்லை. அந்த மாதிரி பைல்களை நான் பார்க்காதவனா?

"கரண்ட் வேணாம்னு நாங்க சொல்லலைங்க. வாங்க, பீலியைக் காட்டுறோம்."

ஓடையிலிருந்து ஒரு குழாய் வழியாகப் பாறையடிக்கு வந்து கொட்டும் தண்ணீர்தான் பீலி. குடிக்க, சமைக்க, குளிக்க மொத்த லயத்துக்கும் அது ஒன்றுதான். மழை விட்டு நாளாகிவிட்டது. சுண்டுவிரல் தடிப்பில் விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் ஆட்கள் இல்லை, வாளிகள் நின்றன. தன் வாளியின் முறை வரும்போது ஆள் வந்தால் போதும். ஒரு வாளியையும் யாரும் தள்ளி வைப்பதில்லை.

"என்ஜினியர் தம்பி, உங்க படத்துல எங்க பீலி எங்கங்க இருக்கு?"

ரில்வான் வரைபடத்தை விரித்தார். திருப்பினார். பீலி அதில் இல்லை. மழைக்காலத்தில் அளந்திருக்கிறார்கள், எங்கும் தண்ணீர்... அதில் பீலியை யார் கண்டது?

"பொம்பளைங்க குளிக்கிற எடத்தைப் படத்துல போடாம விட்டுட்டாரு. மரியாதை தெரிஞ்ச புள்ளைடி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். ரில்வானின் காது சிவந்தது.

பீலிக்குழாய் தொடங்கும் இடம் தடுப்புச் சுவருக்கு நேர் கீழே. வாய்க்கால் தண்ணீரை இழுத்துக்கொண்டால், வறட்சியில் பீலிக்குச் சொட்டும் மிஞ்சாது.

"அந்தச் செவத்துல பீலிக்கு ஒரு ஓட்டை வைங்க. வாய்க்கால் வாயைவிடக் கீழ. தண்ணி கொறைஞ்சா மொதல்ல மெஷின் நிக்கட்டும்" என்றார் புஷ்பராணி.

ரில்வான் வரைபடத்தில் சுவர் இருந்த இடத்தில் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டார். "செய்யலாம் சேர். ஒரு பைப்தான். ஆனா பிளான் மேல போயிருச்சு. மாத்தினா திரும்ப முதல்லருந்து. காசு போடுறவர் அதுவரைக்கும் நிப்பாரா, அல்லாஹ்தான் அறிவான்."

அங்கேயே ஒரு கடிதம் எழுதி, வாசித்துக் காட்டினேன். பீலிக்கு முதலில், மெஷினுக்குப் பிறகு, அப்படியானால் ஆதரவு. புஷ்பராணி கையெழுத்து வைத்தார். வைத்த கையோடு, தன் பெயருக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பிறகு யாரும் எதையும் நுழைக்க முடியாது! மற்றப் பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொட்டார்கள்.

திங்கட்கிழமை செயலகம் போனேன். என் பழைய மேசையில் இப்போது இருப்பவர் என்னிடம் வேலை பழகியவர்.

"அவகாசம் முடிஞ்சிருச்சே சேர். பிந்தி வாற ஆட்சேபனையை எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

நான்தான். ஆனால் ஒருவன் தான் கொடுத்த அறிக்கையைத் தானே திருத்திக்கொள்ள அவகாசம் எதுவும் கிடையாது. அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். 'மக்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்தேன். என் வரி தவறு' என்று எழுதி, மக்களின் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தினார்.

அன்றைக்கே ரில்வான் போன் எடுத்தார். "நீங்க எங்க பக்கமா சேர், அவங்க பக்கமா?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

திருத்தச் சொல்லிப் பிளான் திரும்பி வந்தால், காசு போடுபவர் போய்விடலாம். திரும்பாவிட்டால் பீலி போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அதில் என் கையெழுத்து இருக்கும். தினமும் மலைப்பக்கம் மேகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். தபால்காரரையும்.

மலையிலிருந்து இறங்கியதும் புஷ்பராணி தினமும் போன் எடுக்கிறார். "பீலி இன்னும் விழுதுங்க ஐயா. உங்க பேப்பர் என்னாச்சு?"

'பரிசீலனையில் உள்ளது' என்று ஆயிரம் பேருக்கு எழுதிய ஆள் நான்... அவரிடம் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.