போக்கியம் என்றால்

திண்டிவனத்தில் நாங்கள் குடிவந்த வீட்டைப் பற்றி யாராவது கேட்டால், "போக்கியத்துக்கு வந்திருக்கோம்" என்பாள் அம்மா. எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சொல்லில் இருந்த 'போ'தான் முதலில் என் காதில் விழுந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் இருக்கலாம், போக்கியத்துக்கு இருப்பவர்கள் போகச் சொன்னால் போய்விட வேண்டும் என்று நானே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டேன். அதனால் என் பாவாடை சட்டைகளை அலமாரியில் வைக்கவே இல்லை. கோலியனூரிலிருந்து கொண்டுவந்த பையிலேயே ஒரு வருஷம் கிடந்தன. அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினாள். நான் முன்யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வாரம் ஒருமுறைதான் வருவார். அவர் இல்லாத ஒரு நாள் வீட்டுக்காரரின் மகன் பைக்கில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடியே, வீட்டை இடித்துக் கடை கட்டப் போவதாகவும், இந்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் கொடுத்த பணம்? கடை எழும்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருமாம்.

என் கணிப்பு பலித்ததில் எனக்குப் பெருமை. உள்ளே ஓடிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் தயாராக நின்றேன். அம்மா அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷத்துக்கு எழுதியிருக்குதுங்க. ஒண்ணுதான் முடிஞ்சிருக்குது."

"போக்கியம்தானேம்மா? சொந்தமா வாங்கிட்ட மாதிரி பேசிக்கினு இருக்கீங்க!"

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என் அம்மா. களை எடுத்தும் மல்லாட்டைச் செடி பிடுங்கியும் சேர்த்ததும், விழுப்புரத்தில் விற்ற கழுத்துச் சங்கிலியும்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தன. பத்திரம் எழுதியவரை வரிவரியாக வாசிக்கச் சொல்லி, சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டு அவரைப் பேஜாராக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

"போக்கியம்னா போறது இல்லீங்க. அனுபவிக்கிறது. நெல்லுல ஒரு போகம், ரெண்டு போகம்ங்கறோமே, அந்தப் போகத்துல இருந்து வந்த வார்த்தை. மூணு வருஷம் நாங்க அனுபவிச்சப்புறம், முழுப் பணத்தையும் ஒண்ணா குடுத்துட்டு நீங்க வீட்ட எடுத்துக்கணும். பத்திரம் எழுதினவரே சொன்னாரு. வாங்க, அவருகிட்டயே போலாம். நானும் வர்றேன்."

குரல் உயரவில்லை. ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. அதற்குள் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அவர் அவர்களையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பாகிட்ட கேட்டுக்கினு வர்றேன்" என்று வண்டியைக் கிளப்பினார். அதன் பிறகு அவர் வரவே இல்லை. மூன்று வருஷக் கெடு முடிந்த அன்று வீட்டுக்காரரே வந்து மொத்தப் பணத்தையும் அம்மா கையில் கொடுத்தார்.

மகன் வந்த அன்று, பைக் தெருமுனை திரும்பியதும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். இரண்டாவதில் பாதி புடவையில் சிந்தியது. அவளுக்கு வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, விசிறியை எடுத்துவந்து வீசிக்கொண்டிருந்தேன்.